காப்பீட்டு அட்டை மருந்துக்கடையில் ஏன் செல்லவில்லை? – பெற்றோரின் மாதாந்திர மாத்திரைகளுக்கு உள்ள அரசு வழிகள்

எடிசன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் இருக்கும் என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 76, ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 71. அப்பச்சி சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது. இருவருக்குமாக ஒன்பது வகை மாத்திரைகள் நடக்கின்றன. மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. அந்தப் பணத்தை அனுப்ப நான் தயாராக இருக்கிறேன். வாங்கிக்கொள்ள அவர்தான் தயாராக இல்லை. இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிக்கிறார் என்பது, ஆத்தா வாய்தவறிச் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் வசிக்கும் அமெரிக்காவில் (நியூஜெர்சி மாநிலம், எடிசன் நகர்) 65 வயதைக் கடந்தவர்களுக்கு மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு உண்டு. அதில் ‘பகுதி டி’ என்பது மருந்துக்கென்றே 2006 முதல் நடப்பது. மாதச் சந்தா கட்டினால் மருந்துக்கடையில் அட்டையைக் காட்டி, நம் பங்கை மட்டும் கொடுத்துவிட்டு வரலாம். அந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு ஒருவர் ஆண்டில் கைக்காசாகக் கொடுக்கும் தொகை 2,000 டாலரைத் தாண்டக்கூடாது என்று 2025இல் வரம்பும் வந்தது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு, “நம் ஊரிலும் அரசு காப்பீடு இருக்கிறதே, அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள் அப்பச்சி” என்று நான்தான் சொன்னேன். அவரும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காரைக்குடியில் ஒரு கடையில் நீட்டியிருக்கிறார். கடைப் பையன் சிரித்துவிட்டானாம். அன்றிலிருந்து இந்தப் பேச்சை எடுத்தாலே தொலைபேசியை ஆத்தாவிடம் கொடுத்துவிடுகிறார்.

மாத்திரைச் செலவுக்கு அரசு வழி உண்மையில் இருக்கிறதா? இருந்தால், அவருக்கு அதை எப்படிப் புரியவைப்பது?

செக்காலைத் திண்ணை எழுதியது:

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பெரியவர்கள் மஞ்சள் பையோடு வந்து உட்காருவார்கள். பையைக் கவிழ்த்தால் அட்டைகள், சீட்டுகள், பாதி தீர்ந்த மாத்திரைப் பட்டைகள் எல்லாம் ஒன்றாக விழும். அவற்றைப் பிரித்துக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கடைப் பையன் சிரித்தது தவறு. அட்டை செல்லாது என்று அவன் சொன்னது சரி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் இப்போதுள்ள பெயரையும் வடிவத்தையும் பெற்றது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது தாங்கும். ஆனால் அது தாங்குவது, பட்டியலில் உள்ள மருத்துவமனையில் படுத்துச் செய்துகொள்ளும் அறுவைக்கும் சிகிச்சைக்கும்தான். 70 வயதை எட்டியவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘வய வந்தனா’ அட்டையும் இதே வகைதான். ஆயுஷ்மான் விதிப்படி, மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாளும் வீடு திரும்பிய பின் 15 நாளும் ஆகும் மருந்துச் செலவு அந்தச் சிகிச்சைத் தொகுப்பிலேயே அடங்கும். பதினாறாம் நாள் காலையில் போடும் மாத்திரைக்கு அட்டை பேசாது. இந்தப் பதினைந்து நாள் கணக்கைப் பலர் அறியாமல், வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தர வேண்டிய மருந்துகளையும் வெளியே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் குழப்பம் எங்கே பிறந்தது என்றால், அமெரிக்காவில் அரசு மாத்திரைக்குக் காப்பீடு கொடுக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மாத்திரையையே கொடுக்கிறது. இங்கே அதற்கு அட்டையும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம், வருமானச் சான்றும் வேண்டாம். 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக ஆரம்ப சுகாதார நிலையம் முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை அனுப்புகிறது. இந்த முறையைப் பார்த்துத்தான் பின்னால் வேறு சில மாநிலங்களும் கழகம் அமைத்தன. ஆகவே அப்பச்சியிடம் அட்டையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டிலிருந்து தொடங்குங்கள். அந்த ஒன்பது மருந்துகளின் பெயர்களையும் இங்கே எழுதுங்கள்.

எடிசன்வாசி எழுதியது:

அண்ணன் அவர்களுக்கு நன்றி. ஆத்தாவைப் பட்டைகளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அப்பச்சிக்கு: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீடித்து வேலை செய்யும் வகை, க்ளிமெபிரைட், சிட்டாக்ளிப்டின்; இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரே மாத்திரை; கொழுப்புக்கு அட்டர்வாஸ்டாட்டின்; இரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆத்தாவுக்குத் தைராக்சினும் கால்சியமும்.

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிவகங்கை மாவட்டத்துச் சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள் நான். நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

முதல் முறை மட்டும் அப்பச்சி நேரில் போக வேண்டும். உங்கள் ஊர் எல்லைக்குரிய ஆரம்ப சுகாதார நிலையமாக இருக்கலாம்; காரைக்குடி அரசு மருத்துவமனையாகவும் இருக்கலாம். புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு தொற்றா நோய்ப் பிரிவுக்குப் போனால், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, குறிப்பேடு ஒன்றில் பதிந்து கொடுப்பார்கள். ஆதார் அட்டையும் தனியார் மருத்துவரின் பழைய சீட்டும் ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கமும் கையில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன காகிதத்தை எவரும் கொண்டுவருவதில்லை. ஸ்டென்ட் எப்போது, எந்த இரத்தக்குழாயில் வைத்தது என்று தெரியாமல் எந்த மருத்துவரும் குளோபிடோக்ரெல் விஷயத்தில் துணிந்து எழுத மாட்டார்.

ஒருமுறை பதிந்துவிட்டால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போவார். இத்திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் இதிலேயே உண்டு. வருகிற பெண் பெரும்பாலும் அதே ஊர்க்காரராகவோ பக்கத்து ஊர்க்காரராகவோ இருப்பார். இதற்கென்று தனி விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். சிறுநீரகம், கண், பாதம் ஆகிய மூன்றையும் வீட்டு வாசலில் வைத்துப் பார்க்க முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

ஆத்தங்குடி ஆச்சி எழுதியது:

பேத்தி தட்டச்சு செய்ய நான் சொல்லச் சொல்ல எழுதுவது இது. எனக்கு வயது 79. நீங்கள் எல்லோரும் பெரியவர்களுக்குப் புரியவில்லை, புரியவைக்க வேண்டும் என்றே பேசுகிறீர்கள். புரியாமல் இல்லை அப்பா. புரிந்துதான் போகாமல் இருக்கிறோம்.

எங்கள் வீடு முன்வாசலில் தொடங்கிப் பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் திறக்கும் வீடு. ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பு, தேக்குத் தூண், எல்லாம் உண்டு. அந்த வீட்டுக்குப் பதினொரு பங்காளிகள். சுண்ணாம்பு அடிக்க ஒரு பங்காளி பணம் தந்தால் இன்னொருவர் தருவதில்லை. என் கையில் இருப்பது வங்கியில் போட்ட கொஞ்சம் பணத்தின் வட்டி மட்டும்தான். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நான் பெரிய வீட்டு ஆச்சி. அந்த ஆச்சி பெரியாஸ்பத்திரி வரிசையில் சீட்டுப் பிடித்துக்கொண்டு நின்றால், நாளைக்கு ஒரு கல்யாண வீட்டில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். “பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் போல” என்பார்கள். பேச்சு என்னைத் தொட்டால் பொறுத்துக்கொள்வேன். என் மகனைத் தொடும். அதனால்தான் நாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கடையிலேயே வாங்கினேன்.

எடிசனில் இருக்கிற பிள்ளையே, உன் அப்பச்சிக்கும் கடைப் பையன் சிரித்ததைவிட, அந்தக் கடையில் அப்போது வேறு யார் நின்றார்கள் என்பதுதான் வலித்திருக்கும். கேட்டுப் பார்.

புதுவயல் பேரன் எழுதியது:

ஆச்சி சொன்னது எங்கள் வீட்டுக்கும் பொருந்தும். என் ஐயாவை (தாத்தாவை) வற்புறுத்தி அழைத்துப் போய், ஒரு மணி நேரம் காத்திருந்து வாங்கிய மாத்திரைகளை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். போடவில்லை.

செக்காலைத் திண்ணை எழுதியது:

ஆச்சி அவர்கள் எழுதியதைப் படித்தபின், என் முந்தைய பதிவு எவ்வளவு தூரம் காகிதத்திலேயே நின்றுவிட்டது என்று தெரிகிறது. திண்ணைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விவரம் கேட்க வருவதாகத்தான் நானும் நினைத்தேன். விவரம் தெரிந்த பிறகும் அடுத்த ஞாயிறு அதே பையோடு வருவார்கள். காரணத்தைச் சொல்ல மாட்டார்கள்.

என் அனுபவத்தில் ஒரு விஷயம் பலன் தந்தது. இதை இலவசம் என்று நான் சொல்வதில்லை. வாழ்நாள் முழுவதும் நாம் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் அரசுக்கு வரி போயிருக்கிறது. கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்யப் போன இடத்திலிருந்தும் கணக்கெழுதிய இடத்திலிருந்தும் நம்மவர்கள் வரி கட்டினார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய மருந்து இது. வட்டிக் கணக்குத் தெரிந்தவர்களிடம் இப்படிச் சொன்னால் முகம் மாறுகிறது. ஒரு பெரியவர், “அப்படியானால் இதுவரை வாங்காமல் விட்ட பாக்கிக்கு என்ன செய்வார்கள்?” என்று கேட்டார்.

ஆத்தங்குடி ஆச்சி எழுதியது:

நான் மாறியது அந்தக் கணக்கால் இல்லை. தன்னார்வலர் பெண் வீட்டுக்கு வந்து, வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டு, என் கையைப் பிடித்து அழுத்தம் பார்த்தாள். தெருவில் பார்த்தவர்களுக்கு அவள் யாரோ விருந்தாளி. அவ்வளவுதான்.

கேள்வியின் நாயகன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் அரசு கொடுக்கும் மாத்திரையில் சக்தி இல்லை என்று ஊரே சொல்கிறதே? என் தந்தைக்கு அரசு மாத்திரை போட்ட மாதம் சர்க்கரை ஏறியது. பழைய மாத்திரைக்குத் திரும்பியதும் இறங்கியது. இதற்கு என்ன பதில்? விலை குறைவாக இருந்தால் தரமும் குறைவாகத்தானே இருக்கும்?

தேவகோட்டை மருந்தாளுநர் எழுதியது:

இருபது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். அரசு மருந்தால் வியாபாரம் குறைகிற ஆள் நான். ஆகவே நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

தரத்தைப் பற்றி முதலில். மருந்துக் கழகத்தின் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, யாருடைய மருந்து என்ற அடையாளத்தை மறைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் மருத்துவமனைக்கு விடுகிறார்கள். என் கடைக்கு வரும் பெட்டிகளுக்கு அப்படி ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை நடப்பதில்லை. விலை குறைவதற்குக் காரணம், மருந்தின் மேல் ஏறும் விளம்பரமும் பிரதிநிதிகளின் சம்பளமும் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி இலாபமும் இல்லாமல் போவதுதான்.

அப்படியானால் கேட்டவருடைய தந்தைக்கு ஏன் சர்க்கரை ஏறியது? பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் நான் அடிக்கடி காணும் காரணம் ஒன்று உண்டு. தனியாரில் எழுதுவது, காலையில் ஒன்று போட்டால் நாள் முழுவதும் கரைந்துகொண்டிருக்கும் நீடித்த வகை மெட்ஃபார்மின், 1000 மில்லிகிராம். அரசு நிலையத்தில் கையில் கிடைத்தது சாதாரண 500 மில்லிகிராமாக இருந்தால், அதை வேளைக்கு ஒன்றாகப் பிரித்துப் போட வேண்டும். பெரியவர் பழைய பழக்கத்தில் காலையில் ஒன்றை மட்டும் போட்டுக்கொள்கிறார். பாதி அளவு உள்ளே போனால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பழி மாத்திரையின் தலையில் விழுகிறது. நீடித்த வகையை உடைத்தோ பொடித்தோ போடக்கூடாது என்பதையும் யாரும் சொல்வதில்லை.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அதுதான் எனக்கு அதிக பயம். எங்கள் பக்கத்தில் ஒரு மூதாட்டி. கடையில் வாங்கியது டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை, கம்பெனிப் பெயரோடு. வீட்டுக்கு வந்து கொடுத்தது அம்லோடிபின், கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரோடு. நிறம் வேறு, பெயர் வேறு, ஆகவே மருந்தும் வேறு என்று எண்ணி இரண்டையும் போட்டிருக்கிறார். கால் வீங்கி, தலை சுற்றி, கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு மாத்திரையைப் புதிதாகச் சேர்க்கும்போது, எது நிற்கிறது என்று சொல்லாமல் விடுவதால் வரும் வினை இது. வீட்டில் உள்ளவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில், தமிழில், மருந்தின் பொதுப்பெயர், எதற்காக, எந்த வேளை என்று மூன்றை மட்டும் எழுதி மருந்துப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டுங்கள். ‘சிவப்பு மாத்திரை’, ‘நீள மாத்திரை’ என்ற கணக்கு, கம்பெனி மாறிய அன்றே தவறிப்போகும்.

இனி எடிசன்வாசியின் பட்டியலுக்கு வருகிறேன். மெட்ஃபார்மின், க்ளிமெபிரைட், அம்லோடிபின், அட்டர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின் ஆகியவை அரசு மருத்துவமனையில் எதிர்பார்க்கத்தக்கவை. கூட்டு மாத்திரையைத் தனித்தனி மாத்திரைகளாக மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். எண்ணிக்கை ஒன்று கூடும், செலவு குறையும். சிட்டாக்ளிப்டின் காப்புரிமை 2022இல் முடிந்தது. அதே ஆண்டிலேயே மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில், அதாவது ஜன் ஔஷதியில், 50 மில்லிகிராம் பத்து மாத்திரை 60 ரூபாய் என்று விற்பனைக்கு வந்தது. அதுவரை அந்தப் பணத்துக்கு இரண்டு மாத்திரை கிடைப்பதே பெரிது. ஜன் ஔஷதித் திட்டம் 2008இல் தொடங்கியது. அங்கே விலை கம்பெனி மருந்தைவிட 50 முதல் 90 விழுக்காடு வரை குறைவு. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் ஆயிரம் ‘முதல்வர் மருந்தகங்களை’த் திறந்தது, கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தியல் படித்த தொழில்முனைவோரும் நடத்துகிறார்கள். இரண்டும் காசு கொடுத்து வாங்கும் கடைகள்தான். ஆனால் வரிசையில் நிற்பது இல்லை, வருமானக் கேள்வி இல்லை. ஆச்சி அவர்கள் சொன்ன மானப் பிரச்சினை அங்கே எழுவதே இல்லை என்பதை நான் கண்ணால் காண்கிறேன். என் பழைய வாடிக்கையாளர்களை அங்கே பார்த்து, ஒருவரையொருவர் பார்க்காதது போல் போயிருக்கிறோம்.

மருத்துவர் கம்பெனிப் பெயரில் எழுதியிருந்தால், கடைக்காரர் தாமாக வேறு பெயரில் மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே மருத்துவரிடமே, “பொதுப்பெயரையும் சேர்த்து எழுதுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள்.

இரண்டு மருந்துகளில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆத்தாவின் தைராக்சினைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிக்கொண்டே இருக்கக்கூடாது. மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிபார்க்க வேண்டும். அப்பச்சியின் குளோபிடோக்ரெல்லை எங்கே வாங்கினாலும் சரி, இதய மருத்துவர் சொல்லாமல் ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் அந்தச் சிக்கனம் அழுத்த மாத்திரையோடு நின்றதா, இதற்கும் போயிருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள்.

ஆலைத் தொழிலாளி மகன் எழுதியது:

இந்த உரையாடலில் இதுவரை வராத ஒன்று. என் தந்தை நூற்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யப்பட்ட வேலையில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தாமும் தம் துணையும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் புறநோயாளி மருந்து உட்படச் சிகிச்சை பெறலாம். அடிப்படைச் சம்பளம் குறைவாக இருந்த தொழிலாளர்கள் பலர் ஓய்வோடு எல்லாம் முடிந்தது என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கணக்கெழுதியவர் என்கிறீர்களே, அப்பச்சிக்குச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்று பாருங்கள்.

செக்காலைத் திண்ணை எழுதியது:

நல்ல நினைவூட்டல். அதே போல ஓய்வூதியம் பெறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாநில அரசு ஓய்வூதியரான என் போன்றோருக்கு மாதம் 497 ரூபாய் பிடித்தம் செய்து காப்பீடு உண்டு. அதுவும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். மாத்திரைக்கென்று வருவது மாதம் 300 ரூபாய் மருத்துவப்படி. அந்த முந்நூறு எதற்குப் போதும் என்பதை என் மனைவியின் மூட்டுவலித் தைலமே சொல்லும். முன்னாள் படைவீரர்களுக்கு 2003 முதல் நடக்கும் இ.சி.எச்.எஸ். திட்டம் இவர்கள் எல்லோரையும்விட மேல்; அதன் மருந்தகத்திலேயே மாதாந்திர மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியருக்கான சி.ஜி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் உறுப்பினர்களுக்கும் புறநோயாளி மருந்து உண்டு. அந்த மருந்தகம் இல்லாத ஊரில் வசிக்கும் மத்திய ஓய்வூதியருக்கு அதற்குப் பதிலாக மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப்படியைப் பெறும் வழி இருக்கிறது.

கோட்டையூர்–டெக்சாஸ் எழுதியது:

தொடங்கியவர் அமெரிக்க மெடிகேரைக் குறிப்பிட்டதால் கேட்கிறேன். என் மாமனார், மாமியார் இருவரும் கிரீன் கார்டில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே இருந்து, மெடிகேரில் மருத்துவரைப் பார்ப்பதற்கான ‘பகுதி பி’யும் மருந்துக்கான ‘பகுதி டி’யும் எடுத்தார்கள். இப்போது கோட்டையூருக்கே திரும்பிவிட வேண்டும் என்கிறார்கள். அந்த அட்டையை வைத்து அங்கே மருந்து வாங்கிவிட்டு இங்கே பணம் கேட்க முடியுமா?

எடிசன்வாசி எழுதியது:

முடியாது அண்ணன். இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்களுக்கு இந்தத் தாள்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ‘பகுதி டி’ அமெரிக்காவுக்கு வெளியே வாங்கிய மருந்துக்கு ஒரு சல்லியும் தராது. வெளிநாட்டிலேயே குடியிருப்பவர் அதில் இருக்கவும் தகுதியில்லை.

தகுதி இருந்தும் 63 நாள் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து மருந்துக் காப்பீடு இல்லாமல் இருந்தால், விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படைச் சந்தாவில் 1 விழுக்காடு தண்டமாகச் சேரும். அது வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். ஆனால் வெளிநாட்டில் குடியிருந்த மாதங்கள் அந்தக் கணக்கில் வராது. திரும்பிப் போய்க் குடியேறிய மாதத்தை அடுத்து இரண்டு முழு மாதங்களுக்குள் மறுபடி சேர்ந்துவிடலாம். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான வழக்கமான சேர்க்கைக் காலத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ‘பகுதி பி’ அப்படி இல்லை. அதை விட்டுவிட்டு ஊரில் இருந்தால், பிறகு சேரும்போது விடுபட்ட ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் 10 விழுக்காடு தண்டம் ஏறும். ஆகவே திரும்பி வரும் எண்ணம் சிறிதாவது இருந்தால், நிறுத்துவதற்கு முன் இரண்டையும் வெவ்வேறாக யோசியுங்கள். எல்லா மாநிலங்களிலும் எஸ்.எச்.ஐ.பி. என்ற இலவச ஆலோசனை நிலையம் உண்டு. காப்பீட்டு முகவரிடம் போவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு விற்க எதுவும் இல்லை.

கேள்வியின் நாயகன் எழுதியது:

மருந்தாளுநர் ஐயாவுக்கு. தந்தையின் பட்டையை எடுத்துப் பார்த்தேன். சாதாரண 500தான். காலையில் ஒன்று மட்டும்தான் போட்டிருக்கிறார். மறுபடி மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். கம்பெனி மாத்திரைதான் மேல் என்ற எண்ணம் எனக்கு இன்னும் முழுவதும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எடிசன்வாசி எழுதியது:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். ஆச்சி சொன்னபடி கேட்டேன். கடையில் அன்று நின்றவர் அப்பச்சியோடு சென்னையில் வேலை பார்த்த பழைய நண்பராம். அவர் முன்னால் அட்டை திரும்பி வந்ததுதான் விஷயம். இதைச் சொல்லிவிட்டு அப்பச்சி முதல் தடவையாகத் தாமே பேச்சைத் தொடர்ந்தார். குளோபிடோக்ரெல்லை ஒருபோதும் விடவில்லையாம். அழுத்த மாத்திரையையும் அட்டர்வாஸ்டாட்டினையும்தான் மிச்சம் பிடித்திருக்கிறார். ஈ.எஸ்.ஐ. அவருக்குப் பிடித்ததில்லை.

என் தம்பி மதுரையிலிருந்து ஒருநாள் விடுப்பில் வந்து, டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். காலை எட்டரைக்குப் போய்ப் பதினொன்றரைக்கு வெளியே வந்தார்கள். கூட்டு மாத்திரையை மருத்துவர் இரண்டாகப் பிரித்தார். மெட்ஃபார்மினைக் காலையும் இரவும் என்று எழுதினார். இப்போது ஐந்து மாத்திரைகள் அரசு வழியில் வருகின்றன. சிட்டாக்ளிப்டினும் ஆத்தாவின் கால்சியமும் மக்கள் மருந்தகத்தில் வாங்குகிறார்கள். குளோபிடோக்ரெல், டெல்மிசார்ட்டான், தைராக்சின் மூன்றும் பழைய கடையில், பழைய பெயரிலேயே. சென்ற மாதச் செலவு 1,740 ரூபாய் என்று அப்பச்சி பைசா சுத்தமாகக் கணக்கெழுதி வைத்திருக்கிறார். அதில் பேருந்துக் கட்டணமும் சேர்த்தி.

மருந்துப் பெட்டி மூடிக்குள் ஒட்டும் தாளை நான் அச்சடித்து அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேரேட்டுத் தாளில் கட்டம் போட்டு, பற்று வரவுக்கு எழுதும் அதே கையெழுத்தில் அவரே எழுதி ஒட்டியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. ஆத்தாவின் தைராக்சினுக்கு ‘காலை, காபிக்குப் பின்’ என்று எழுதியிருக்கிறார். மருந்தாளுநர் ஐயா, அது சரிதானா?

தேவகோட்டை மருந்தாளுநர் எழுதியது:

சரியில்லை. எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். கால்சியத்துக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பச்சியிடம் தாளைக் கிழிக்கச் சொல்லாதீர்கள், அந்த ஒரு வரியை மட்டும் அடித்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.